அவுட் ஆகாத அக்கா

எங்கள் சந்தில் இட்லி மாவு விற்ற அக்கா ஒரு நாளும் அவுட் ஆனதில்லை. பிடிபட்டதில்லை என்று சொல்லவில்லை. தினமும்தான் பிடிபடுவாள். ஒத்துக்கொண்டதில்லை, அவ்வளவுதான். ஐம்பதைத் தாண்டிய பொம்பிளை, ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி, நைட்டியை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு நடுத்தெருவில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையனோடு, "தொடலடா, காத்துதான் பட்டுச்சு! எங்க, ஒங்காத்தா மேல சத்தியம் பண்ணு பாப்போம்" என்று மல்லுக்கு நிற்பதை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் அநேகமாக எல்லாச் சாயங்காலமும் பார்த்தேன்.

நாகல் நகர் கடைவீதியிலிருந்து பிரியும் முட்டுச்சந்து எங்களுடையது. ஆட்டோ உள்ளே வந்துவிடும், திருப்ப முடியாது. வந்த வழியே ரிவர்ஸில் திட்டிக்கொண்டே போக வேண்டும். அதனாலேயே வண்டி வராது, அதனாலேயே பிள்ளைகள் ஆட முடிந்தது. முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மிஷினைப் போட்டு நான் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிபார்மும் தைப்பேன். எதிர்வீடு அக்காவுடையது. வாசலில் ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல் மாவு வாளி, உள்ளே கிரைண்டர். அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயரில் யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை என்பதால் நானும் இங்கே சொல்லவில்லை. எனக்கும் அக்கா, என் மாமியாருக்கும் அக்கா, ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் அக்கா. ஒரு பிள்ளை தெரியாத்தனமாக "ஆன்ட்டி" என்றுவிட்டால், "ஆன்ட்டியெல்லாம் பேங்குல இருப்பாங்க, அங்கிட்டுப் போயி வெளையாடு" என்று விரட்டிவிடுவாள்.

அவளுடைய ஆட்டத்துக்குக் கிரைண்டர்தான் கடிகாரம். அரிசியைப் போட்டுவிட்டு ஒரு ஆட்டம், உளுந்தைப் போட்டுவிட்டு ஒரு ஆட்டம். கை கழுவிக்கொண்டு வரும் பழக்கம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே காது மட்டும் வீட்டுக்குள் இருக்கும். கிரைண்டர் சத்தம் கனத்து வந்தால் உளுந்து பொங்கிவிட்டது என்று அர்த்தம். "உளுந்துடா!" என்று கத்திவிட்டு அப்படியே போட்டது போட்டபடி உள்ளே ஓடிவிடுவாள். இதில் ஒரு கள்ளத்தனம் இருந்தது. யாராவது முதுகுக்குப் பின்னால் நெருங்கி, இனித் தப்பிக்க வழியில்லை என்று ஆகும்போதுதான் பெரும்பாலும் உளுந்து பொங்கும். பிள்ளைகள் வாசலில் நின்று, "அக்கா, பொய் உளுந்து! பொய் உளுந்து!" என்று கூப்பாடு போடும். உள்ளே கிரைண்டர் ஓடுகிற சத்தம்தான் கேட்கும்.

ஆனால் அவள் தொட்டால் மட்டும் யாரும் இல்லை என்று சாதிக்க முடியாது. மாவுக் கை. தொட்ட இடத்தில் ஐந்து விரலும் வெள்ளையாக விழுந்திருக்கும். "இதென்ன, ஒங்கொப்பன் சுண்ணாம்பு அடிச்சானா?" என்று கேட்பாள்.

அந்த ஐந்து விரலுக்காகத்தான் எனக்கும் அவளுக்கும் முதல் சண்டை. எனக்குத் துணியில் கறை என்றாலே ரத்தம் கொதிக்கும். தொழில் அப்படி. பக்கத்து வீட்டுப் பையனுக்கு நான் தைத்துக் கொடுத்த புது யூனிபார்மில் மறுநாளே முதுகு நிறைய மாவு. நேரே போய்க் கேட்டேன்.

"ஏங்க்கா, கையக் கழுவிட்டு வெளையாடக் கூடாதா?"

"கழுவுனா எப்புடிம்மா? அவன் அவுட்டே இல்லைன்னு சொல்லுவான். சரியான ஏமாத்துக்காரப் பய."

"நீங்க ஏமாத்தலயா?"

"நான் ஏமாத்துறது வேற. நான் பெரிய மனுசி."

இப்படிப் பேசுகிறவளிடம் என்ன சண்டை போடுவது? அதே பையனோடு இன்னொரு நாள் ஆட்டத்தில் தகராறு வந்து, அவன் அம்மா மாவு வாங்கப் போனபோது, "ஒம் மவன் கோட்டைத் தாண்டி நின்னுக்கிட்டு இல்லைன்னு சொல்றான். ஒனக்கு மாவு கெடையாது, போயி உப்புமா கிண்டு" என்று வெறும் தூக்கோடு திருப்பி அனுப்பினாள். வியாபாரம் பண்ணுகிறவள் செய்கிற காரியமா இது! அந்த வீட்டில் அன்று உப்புமாதான்.

ஒரு பிள்ளையையும் அவள் தட்டிக்கொடுத்து நான் பார்த்ததில்லை. "சூப்பர்டா", "வெரிகுட்" எதுவும் அவள் வாயில் வராது. ஜெயித்தவனைப் பார்த்து முறைப்பாள், தோற்றவனைக் கேலி பண்ணுவாள், மறுநாள் இரண்டு பேரையும் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவாள். பிள்ளைகளை விளையாட வைக்க வேண்டும் என்ற எண்ணமெல்லாம் அவளுக்கு இருந்த மாதிரியே தெரியவில்லை. அவளுக்கு விளையாட வேண்டும், அதற்கு ஆள் வேண்டும். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, அந்தக் கால் அது.

இனி என் மகள் ஜெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த அக்காவை நான் ஏன் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது விளங்காது.

கொரோனா வந்து பள்ளிக்கூடம் மூடியபோது ஜெனிக்கு ஐந்து வயது. ஓடித் திரிய வேண்டிய காலத்தைக் கட்டிலில் போனைப் பார்த்தபடி கழித்தாள். அவள் மட்டுமா? பள்ளி திறந்தபோது அளவெடுக்க வந்த பிள்ளைகள் எல்லோருக்குமே பழைய பாவாடையில் கொக்கி மாட்டவில்லை. ஆனால் மற்ற பிள்ளைகள் தெருவில் இறங்கியதும் கொஞ்ச நாளில் சரியாகிவிட்டார்கள். ஜெனி ஆகவில்லை. மாடிப்படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும் ஒவ்வொரு படியிலும் வைத்து வைத்து இறங்குவாள். பந்தை எறிந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நிற்பதற்கு முன்னாலேயே சாய்வாள். டாக்டரிடம் காட்டினோம். "கால்ல ஒண்ணும் இல்லம்மா. ஓடி ஆடாம இருந்துட்டா. ஆட விடுங்க, வந்துரும்" என்றார். ஆட விடுங்கள் என்று சொல்வது சுலபம். பிள்ளை ஆட மாட்டேன் என்றால்?

நான் செய்யாத தந்திரம் இல்லை. கயிறு தாண்டினால் ஐஸ்கிரீம் என்றேன். பந்தைப் பிடித்தால் போன் தருவேன் என்றேன். ஐஸ்கிரீமே வேண்டாம் என்றுவிட்டாள். ஸ்கேட்டிங் வகுப்பில் சேர்த்தேன், சக்கரத்தைக் காலில் மாட்டியதும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வரை விடவில்லை. பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பீரியடில் மற்ற பிள்ளைகளின் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருப்பது இவள் வேலை. "எனக்கு வெளையாட்டுப் புடிக்காதும்மா" என்பாள். அது பொய் என்று எனக்குத் தெரியும். மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் ஜன்னல் வழியாகத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒருநாள் இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளிடம் விட்டேன். "இவளையும் சேத்துக்கங்கப்பா."

நல்ல பிள்ளைகள். உடனே சேர்த்துக்கொண்டார்கள். "சரி ஆன்ட்டி. ஜெனி ஒப்புக்குச் சப்பாணி!" என்று கத்தினார்கள்.

நம் ஊரில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அண்ணன்மாரோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்டு சிண்டுகளை அழாமல் இருக்கச் சேர்த்துக்கொள்வது. ஒப்புக்குச் சப்பாணி எங்கே வேண்டுமானாலும் ஓடலாம், நிற்கலாம். அதை யாரும் துரத்த மாட்டார்கள், தொட மாட்டார்கள். அதற்கு அவுட்டே கிடையாது. அதன் முறை என்று ஒன்று வரவும் வராது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது சந்தோஷம். என் மகளுக்கு ஏழு முடிந்திருந்தது. கூட்டத்தோடு ஓடினாள், கூட்டம் சிரித்தால் சிரித்தாள். அவள் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. கொஞ்ச நாளில் ஓடுவதையும் விட்டுவிட்டு, நடுவில் நின்று வேடிக்கை பார்த்தாள். ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவள் இப்போது வெளியே நிற்கிறாள், வேறு வித்தியாசம் இல்லை.

அப்படி ஒருநாள் அவர்கள் ஆடியது கல்லா மண்ணா. பிடிக்கிறவனிடம் எல்லோரும் "கல்லா? மண்ணா?" என்று கேட்பார்கள். அவன் மண் என்றால் மண்ணெல்லாம் அவனுடையது, மற்றவர்கள் கல்லில் நிற்க வேண்டும். அவன் மண்ணில் காலை வைத்து, "ஒம் மண்ணுல நிக்கிறேனே" என்று சீண்டிவிட்டு அவன் வந்து தொடுவதற்குள் கல்லில் ஏறிவிட வேண்டும். எங்கள் சந்தில் சிமெண்ட் போட்டபிறகு மண்ணுக்கு எங்கே போவது? குழாய் பதிக்கத் தோண்டி மூடிய இடம் சந்தின் ஓரத்தில் ஒரு சேலை அகலத்துக்கு நீளமாகக் கிடந்தது. அதுதான் மண், மற்றதெல்லாம் கல்.

அக்கா பிடிக்கிற முறை. மண் என்று சொல்லியிருந்தாள். ஜெனி எதையும் கவனிக்காமல் மண்ணில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா நேரே வந்து அவள் முதுகில் ஒரு அறை வைத்தாள். "அவுட்டு!"

ஆட்டம் நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒரே குரலில், "அக்கா, அவ ஒப்புக்குச் சப்பாணி! அவளத் தொடக் கூடாது!" என்றார்கள்.

"எவன்டா சொன்னது? காலு இருக்குல்ல? ஓடத் தெரியும்ல? எம் மண்ணுல நின்னா தொடுவேன். தொட்டா அவுட்டு."

"அவளுக்கு ஓட வராதுக்கா!"

"வரலைன்னா பிடிபடட்டும். சப்பாணி கிப்பாணின்னு சொன்னீங்க, பல்லப் பேத்துருவேன். ஏலே ஜெனி, என்ன முழிக்கிற? போ, நீதான் புடிக்கணும்."

ஜெனி ஓ என்று அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடி வந்தாள். நான் கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே வெளியே போய், வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். பெரிய மனுசியா நீ, பச்சப் பிள்ளையை இப்படியா அடிப்பது, உன் வயசென்ன, அவள் வயசென்ன என்று. அக்கா என் தோளுக்கு மேலாக எட்டி வீட்டுக்குள் பார்த்தாள். "அவுட்டான பிள்ள வீட்டுக்குள்ள போயிருச்சு. ஆட்டம் நிக்கிதும்மா, அனுப்பி விடு" என்றாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

அன்று சாப்பிடும்போது ஜெனி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல் யோசித்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மா, அந்தக் கவுனைத் தோய்க்காதம்மா" என்றாள்.

"ஏன்? மாவு காஞ்சு போயி நாறும்டி."

"நாளைக்குக் காட்டணும். நான் நெசமா அவுட்டுல்ல? நான்தான் புடிக்கணும். அவங்க மறந்துட்டு வேற யாரையாச்சும் புடிக்கச் சொல்லிட்டா?"

என் வீட்டுக்காரர் மில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சட்டைப் பொத்தானைப் போடாமல் அப்படியே நின்று அவளைப் பார்த்தார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மறுநாள் ஜெனி பிடித்தாள், அதாவது பிடிக்கப் பார்த்தாள். ஒருவரும் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. முட்டி இரண்டும் தோல் உரிந்தது, முழங்கையில் காயம். பிள்ளைகளுக்கே அலுத்துவிட்டது. "போதும், வேற ஆளு புடிக்கட்டும்" என்றார்கள். அக்கா விடவில்லை. "அதெப்புடி? அவுட்டான ஆளுதான் புடிக்கணும்." சரி, இந்த அக்காவாவது பாவம் பார்த்து ஒரு தடவை கையில் சிக்கக் கூடாதா என்று நான் எதிர்பார்த்தேன். அவளா சிக்குவாள்? ஜெனிக்கு முன்னால் வந்து நின்று இடுப்பை ஆட்டிவிட்டு ஓடுவாள். "ஏலே ஆமை! வா வா, ராச்சோத்து நேரத்துக்குள்ளயாச்சும் வந்து சேரு!" என்று பழிப்புக் காட்டுவாள். ஜெனி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் ஓடுவாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் பொம்பிளையைச் சபிப்பேன்.

ஆனால் ஜெனி ஒரு சாயங்காலம்கூடப் போகாமல் இருக்கவில்லை. அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. ஐஸ்கிரீமுக்கு மசியாத பிள்ளை, தோற்பதற்கென்றே தினமும் தலையை வாரிக்கொண்டு போகிறாள்.

பிடிக்கிறவர்கள் எல்லோரும் வழக்கமாக மண் என்றுதான் சொல்வார்கள். ஒருநாள் பிள்ளைகள் "கல்லா? மண்ணா?" என்று கேட்டபோது ஜெனி நன்றாக யோசித்துவிட்டு, "கல்லு" என்றாள். ஒரு நிமிஷம் யாருக்கும் ஒன்றும் ஓடவில்லை. கல் அவளுடையது என்றால் சந்து பூராவும் அவளுடையது. மற்ற எல்லோரும் அந்தச் சேலை அகல மண்ணில் போய் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவனை ஒருவன் இடிக்கிறான், ஒருத்தி மற்றவள் சடையைப் பிடித்துக்கொள்கிறாள். நடுவில் அக்கா, "தள்ளாதீங்கடா பேதியில போவானுகளா" என்று ஒற்றைக் காலில் ஆடுகிறாள். பக்கத்து வீட்டுப் பையன் வழுக்கிக் கல்லில் விழுந்தான். அவன் எழுந்து மண்ணுக்கு ஏறுவதற்குள் ஜெனி ஓடிப்போய் அவன் சட்டையைத் தொட்டுவிட்டாள்.

"இது அழுகுணி ஆட்டம்!" என்று முதலில் கத்தியது அக்காதான்.

ஜெனி குதிக்கவில்லை, கூத்தாடவில்லை. வீட்டுக்குள் வந்தாள், சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தாள், புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நான் இப்ப புடிக்கிற ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டித் தையல் கோடு தெரியவில்லை. யாருடைய ஜாக்கெட்டோ கோணலாகப் போய்விட்டது, பிரித்துத் தைத்தேன்.

வருஷம் ஓடியது. படியில் சுவரைப் பிடிக்காமல் இறங்குகிறாள் என்பதை நான் ஒருநாள் தற்செயலாகத்தான் கவனித்தேன். யூனிபார்ம் தையல் விட ஆரம்பித்தது, கீழ்மடிப்புக் கிழிந்தது. முன்பு வருஷம் பூராவும் மடிப்புக் கலையாமல் இருந்த பாவாடை அது. அதற்காக ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கிவிட்டாள் என்று கதை விடமாட்டேன். பள்ளியில் அவள் முதன்முதலாக ஓடிவிட்டு வந்த அன்று அக்கா வாசலில் நின்று கேட்டாள்.

"எத்தனாவதுடி வந்த?"

"கடைசிக்கு முந்தி."

"அப்ப ஒனக்குப் பின்னாடி ஒருத்தி இருக்காள்ல? அவளையும் இங்கிட்டுக் கூட்டிட்டு வா. ஆள் கொறையுது."

மறுநாள் உண்மையிலேயே அந்தக் கடைசிப் பிள்ளை, தன் அம்மா ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து, எங்கள் சந்துக்கு வந்து இறங்கியது.

அக்கா ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டேன். தண்ணீர் விடும் நாள், குழாயடியில் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பிறந்த ஊர் ரெட்டியார்சத்திரம் பக்கம். வீட்டில் மூத்தவள்.

"இடுப்புல எப்பவும் ஒரு தம்பி இருப்பான். ஒருத்தன் எறங்குனா அடுத்தவன் ஏறிக்கிருவான். அவனையும் தூக்கிட்டு வெளையாட்டுக்குப் போயி நிப்பேன். பிள்ளையத் தூக்கிட்டு எப்புடி ஓடுறது? ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்லிருவாளுக. எம்புட்டு நாளு! ஒருத்தி, ஒரே ஒருத்தி என்னைய வெரட்டிட்டு வந்துருந்தா, அந்தப் பயலப் பொத்துன்னு கீழ போட்டுட்டு ஓடிருப்பேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது, அவள் என் குடத்தைத் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்துவிட்டாள்.

முட்டி வலி அவளுக்கு எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது, வெளியே சொல்கிற ஆள் இல்லை. மழை பெய்த ஒருநாள் மாவுத் தரையில் வழுக்கி விழுந்தாள். வலது முட்டி பன்ரொட்டி மாதிரி வீங்கிவிட்டது. வீக்கம் வடிந்து நடக்க ஆரம்பித்தபோது ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். திருப்பூரில் இருந்த மகன் தினமும் போனில், "மாவு வித்தது போதும், இங்க வாம்மா" என்றான். அவள் கேட்கவில்லை. சாய்ந்து சாய்ந்து ஆட்டத்துக்கு வந்தாள்.

பிள்ளைகள் வராதீங்க என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பையன் மண் என்று சொல்லியிருந்தான், அக்கா அவன் மண்ணில் நின்றாள். அவன் அவளைத் தாண்டி ஓடிப் போய் வேறொருவனைத் துரத்தினான். திரும்பி வரும்போதும் தாண்டித்தான் போனான்.

"ஏலே, நான் ஒம் மண்ணுல நிக்கிறேன்டா."

"நீங்க சும்மா நில்லுங்கக்கா. ஒங்களுக்குக் கால் வலிக்கும்ல?"

நல்ல பையன். இப்போது வளர்ந்து மரியாதை தெரிந்திருந்தது. அக்கா மண்ணிலிருந்து காலை எடுத்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். உளுந்து என்று கத்தவில்லை. கிரைண்டர் அன்று ஓடவே இல்லை.

அதற்குப் பிறகு மாவு மட்டும் விற்றாள். வாளியைக் கீழே இறக்கி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கரண்டியால் மொண்டு ஊற்றினாள். கை சுத்தமாக இருந்தது. அவள் கையைச் சுத்தமாகப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. "வெளிய வரலையாக்கா?" என்று கேட்டேன்.

"என்னையப் பெரிய மனுசி ஆக்கிட்டாங்கம்மா பிள்ளைக" என்றாள். மகனிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னாள். நான் வீட்டுக்கு வந்து இதை ஜெனியிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்குப் போய் அக்காவின் ஸ்டூலைப் பார்த்தாள்.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் ஷட்டவுன். முதல் நாளே அறிவித்திருந்ததால் அக்கா விடியும் முன்பே எல்லாவற்றையும் அரைத்து வாசலில் வாளியில் எடுத்து வைத்துவிட்டாள். காற்றாடி ஓடாத வீட்டுக்குள் யார் இருப்பார்கள்? சந்து பூராவும் பிள்ளைகள். நான் துணியில் பொத்தான் தைத்துக்கொண்டு ஜன்னலோரம் இருந்தேன். ஜெனி மாவு வாங்கப் போகிற மாதிரி, அக்கா உள்ளே போயிருந்த நேரம் பார்த்து அவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டுப் பாவாடை மடிப்புக்குள் ஒரு கையை மறைத்துக்கொண்டு வந்தாள். அவள்தான் பிடிக்கிற ஆள். "கல்லா? மண்ணா?" என்று கேட்டார்கள்.

"கல்லு."

எல்லோரும் மண்ணுக்கு ஓடினார்கள். ஜெனி அவர்கள் பக்கம் போகவில்லை. ஸ்டூலில் இருந்த அக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"அக்கா, நீங்க எங் கல்லுல இருக்கீங்க."

"நான் ஆட்டத்துலயே இல்லடி. போ அங்கிட்டு."

"யாரு சொன்னா? காலு இருக்குல்ல? தொட்டா அவுட்டு."

அக்கா அவளை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள், "ஏ ஜெனி, அக்காவுக்கு முடியலப்பா, விடு" என்றார்கள். அதைக் கேட்டாளோ இல்லையோ, ஸ்டூல் ஒரு பக்கம் உருள, அக்கா எழுந்து ஓடினாள். ஓட்டம் என்றா சொல்வது, ஒரு காலை இழுத்து ஒரு காலை ஊன்றி, நைட்டியை அள்ளிப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்துப் பாய்ந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஜெனியாவது கொஞ்சம் மெதுவாக ஓடுவாள் என்று பார்த்தால், அவள் உள்ள பலத்தையெல்லாம் கூட்டி ஓடினாள். மண்ணை எட்டுவதற்கு முன்னால் பளார் என்று அக்கா முதுகில் கையை வைத்தாள்.

"அவுட்டு!"

"தொடல!" அக்கா மூச்சு வாங்கக் கத்தினாள். "தொடவே இல்ல! காத்துதான் பட்டுச்சு!"

ஜெனி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். மணிக்கட்டு வரை மாவு.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள், தன் வாசலில் இருந்த வாளியைப் பார்த்தாள். "உளுந்து..." என்று ஆரம்பித்தாள். கரண்ட் இல்லாத வீட்டில் எந்த உளுந்து பொங்கும்? பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தன் முதுகு தனக்குத் தெரியவில்லை. என் ஜன்னலுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏத்தா தையக்காரி, பட்டுருக்கா? உண்மையச் சொல்லு."

"அஞ்சு வெரலும் விழுந்திருக்குக்கா."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று முதுகை வைத்து எனக்குச் சொல்ல முடியவில்லை. பிறகு திரும்பி ஜெனியைப் பிடித்து ஒரு வாங்கு வாங்கினாள். "யாரக் கேட்டுடி எம் மாவுல கைய விட்ட? விக்கிற மாவுடி அது! திங்கிற பொருளுடி!" திட்டிக்கொண்டே சந்தின் நடுவில் போய் நின்றாள். முகமெல்லாம் வேர்த்து ரத்தம் ஏறிக் கிடந்தது. "நான் ஒண்ணும் அவுட்டு இல்ல. நானாத்தான் புடிக்க வாரேன். என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கேளுங்கடா!"

"கல்லா? மண்ணா?" என்று சந்தே அதிரக் கேட்டார்கள்.

அன்று அவள் ஒருவரையும் பிடிக்கவில்லை. மறுபடி முட்டி வீங்கி, மகன் வந்து காரில் ஏற்றிக்கொண்டு போனான். எதிர்வீட்டில் இப்போது வேறு ஆட்கள். திருப்பூரில் மூன்றாவது மாடியாம், கீழே இறங்க லிப்ட் இல்லையாம். மாதத்துக்கு ஒருமுறையாவது எனக்குப் போன் பண்ணுவாள். முட்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். வைக்கப் போகும்போது மட்டும் மறக்காமல் கேட்பாள்.

"ஏம்மா, ஜெனி இருக்காளா? அன்னைக்கு நான் அவுட்டு இல்லைன்னு அவகிட்டச் சொல்லிரு. மண்ணுல ஒரு காலு வச்சுட்டேன்."

நான் போனைக் காதிலிருந்து எடுத்துச் சொல்வேன். ஜெனிக்கு இப்போது பதினொன்று. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் வாசலில் நின்றபடி, திருப்பூருக்கே கேட்கிற மாதிரி, "அவுட்டுதான்க்கா!" என்று கத்திவிட்டுத் தெருவுக்கு ஓடுவாள்.

"கேட்டுச்சாக்கா?" என்பேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்பாள் அக்கா. "ஓடுறாளா?"